ஏற்காடு மலையேறும் மின்சார கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அப்பா காலத்து பிரீமியர் பத்மினி. மற்றொன்று பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சார கார். பழைய வண்டியைப் பார்த்து ஆசையாகப் பேச வருகிறவர்கள்கூட, கிளம்பும் நேரத்தில் பச்சை பிளேட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திர உதிரிபாகங்கள் கொடுப்பது என் தொழில். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், சங்ககிரி என்று வாரம் முழுக்கச் சாலையில்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலும் ஏற்காடு. ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் இந்தச் சுற்றுவட்டாரச் சாலைகளை வைத்துத்தான். எந்த நிறுவனத்து வண்டி என்று கேட்க வேண்டாம். அதன் பேட்டரி ஏறத்தாழ 40 யூனிட் கொள்ளும், அவ்வளவு தெரிந்தால் போதும். மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட்தான் இதுவும்.

என்ஜின் சத்தத்துக்காகவே வண்டி ஓட்டுகிறவர் ஆயிற்றே நீங்கள், மின்சாரத்துக்கு எப்படி வந்தீர்கள்?

2020 ஜனவரியில் டாடா நெக்ஸானும் எம்.ஜி. இசட்.எஸ்.ஸும் மின்சார வடிவில் விற்பனைக்கு வந்தபோது, என்னிடம் யோசனை கேட்டவர்களிடம் ‘நமக்கு இது இப்போது வேண்டாம்’ என்றே சொன்னேன். அன்றைய நெக்ஸானின் பேட்டரி 30.2 யூனிட். சோதனைச் சான்றிதழில் 312 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள், சாலையில் 200 கிடைத்தால் நல்லது என்ற நிலை. சேலத்திலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 200 கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். வழியில் நம்பி நிறுத்தி சார்ஜ் போட இடம் கிடையாது. அந்தக் கணக்கில் அந்தப் பதில் சரியானதே.

பிறகு கணக்கு மாறியது. 2022இல் 40 யூனிட் பேட்டரி நடுத்தர விலைக்கு வந்தது. 2024 நவம்பரில் மகிந்திரா நிறுவனம் 59, 79 யூனிட் பேட்டரிகளோடு இரண்டு கார்களைச் சென்னையில் அறிமுகப்படுத்தியது. இன்னொரு பக்கம், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் சிறிய டீசல் கார்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. என் தொழிலுக்கு அதுவரை சோறு போட்டது ஒரு டீசல் ஸ்விஃப்ட். அதற்கு வயதாகி மாற்று தேடியபோது, அதே இடத்தில் வைக்கத் தகுந்த டீசல் வண்டி என் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

ஆனாலும் என் மனத்தை மாற்றியது விலைப் பட்டியல் அல்ல, ஏற்காட்டு மலைப்பாதை.

மலைப்பாதையில் அப்படி என்ன பார்த்தீர்கள்?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். அடிவாரத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் ஏற்காடு ஏரி வரும்வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. இந்தப் பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அனைவருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. பிரேக்கையே நம்பி இறங்கினால் அதன் லைனிங் தீய்ந்துவிடும். ஞாயிறு மாலையில் அடிவாரத்துத் தேநீர்க் கடை ஓரமாக நின்றால் அந்த வாசனை மூக்கில் ஏறும். வெளியூர் வண்டிகள் வரிசையாகப் புகை விட்டுக்கொண்டு ஆறுவதற்காக நிற்கும்.

நண்பர் ஒருவரின் மின்சார காரில் முதல்முறை இறங்கியபோது, அதே இடத்தில் நிறுத்தி முன்சக்கரத்தின் அருகில் கையை வைத்துப் பார்த்தேன். பொறுக்கக்கூடிய சூடுதான் இருந்தது. பெட்ரோல் வண்டியில் இறங்கி வந்து இப்படிக் கை வைக்க முடியாது. காரணம் எளியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக வேலை செய்யத் தொடங்குகிறது. சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கிறது, அந்த இழுவையில் வண்டி வேகம் குறைகிறது. பிரேக் மிதிக்க வேண்டிய அவசியம் குறுகலான வளைவுகளில் மட்டுமே வந்தது. ஏரிக்கரையில் கிளம்பும்போது திரையில் 61 சதவீதம் என்று இருந்தது, அடிவாரத்தில் 66. இத்தனை வருடங்களாக லைனிங்கைத் தீய்த்துக் காற்றில் விட்ட சக்தி அது.

இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு தகவலாகத்தான் இருக்கும். மலைக்காரர்களுக்கு அது தகவல் மட்டுமல்ல. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இறங்குவதையே இவ்வளவு பத்திரமாக்கும் ஒரு இயந்திரத்தை நான் மதிக்காமல் இருக்க முடியாது.

ஏற்காடு போய்வர எவ்வளவு சார்ஜ் ஆகும்?

மூன்று பேரோடும் சாமானோடும் சேர்த்து வண்டியின் எடை 1,650 கிலோ என்று வையுங்கள். இவ்வளவு எடையை 1,230 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே ஐந்தரை யூனிட் வேண்டும். எந்த நிறுவனத்து வண்டியாக இருந்தாலும் இது மாறாது, இயற்பியல் கணக்கு. அதோடு சக்கரத்தின் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்ந்துவிடும். சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஏரி வரை முப்பது கிலோமீட்டர் சொச்சம் போக ஒன்பது முதல் பத்து யூனிட் வரை பிடிக்கிறது. 40 யூனிட் பேட்டரியில் கால் பங்கு.

ஏறும்போது திரையைப் பார்க்கிறவர்கள் பயப்படுவது இங்கேதான். பத்தாவது வளைவைத் தாண்டும்போது மீதமுள்ள கிலோமீட்டர் கண்ணெதிரே சரியும். வண்டி ‘இனி எல்லாமே ஏற்றம்தான்’ என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. பதற வேண்டாம். இறங்கும்போது அடிவாரம் வரை செலவே இல்லை, இரண்டு யூனிட்டுக்கு மேல் திரும்பக் கிடைக்கும். போய்வந்த பிறகு மொத்தத்தைப் பார்த்தால், அதே தூரத்தைச் சமவெளியில் ஓட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவுக்கு அருகில்தான் நிற்கும். பெட்ரோல் வண்டியில் ஏறும்போது செலவானது செலவானதுதான், இறக்கத்தில் ஒரு சொட்டும் திரும்ப வராது.

மேலே விடுதியில் முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கலாமா?

கூடாது. பலரும் கவனிக்காத விஷயம் இது, எனவே அழுத்திச் சொல்கிறேன். பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால், இறக்கத்தில் வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அதற்குள் இடம் இருக்காது. வண்டி அந்த வசதியைத் தானே குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும். அப்போது உங்களிடம் இருப்பது சாதாரண பிரேக் மட்டும்தான். இரண்டாவது கியர் போட்டு என்ஜினைப் பிடித்துக்கொண்டு இறங்கவும் வழியில்லை, ஏனென்றால் கியரே கிடையாது. ஏற்காட்டில் இரவு தங்கினால் 80, 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுங்கள். கீழே வரும்போது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழி எப்படி?

நல்ல பாதை, கூட்டம் குறைவு. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடுவதுண்டு. இறங்கி வந்தபின் சேலம் நகருக்குச் சற்றுச் சுற்று, அதற்கு ஒரு யூனிட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு எப்படி இருக்கிறது?

என் தொழிலில் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் சாதாரணம். ஆத்தூர் போய்த் திரும்பினாலே நூறு ஆகிவிடும். ராசிபுரம், நாமக்கல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் இன்னும் கூடும். இரவு வீட்டில் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் நிறைந்திருக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டர் ஓடிய செலவை ஐந்து, ஆறு மணி நேரத்தில் ஈடு செய்துவிடலாம்.

சேலத்து நெரிசலில்தான் இதன் அருமை தெரியும். நான்கு ரோட்டில் சிக்னலுக்கு நின்று நின்று நகரும்போதும், செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் ஊரும்போதும் கிளட்ச் மிதித்து முழங்கால் வலித்த காலம் போயிற்று. நின்றால் ஏ.சி.க்கு மட்டும்தான் மின்சாரம். பெட்ரோல் வண்டி நகருக்குள் மைலேஜ் குறைந்து நெடுஞ்சாலையில் நிமிரும். மின்சார வண்டிக்கு நகரமே இஷ்டம், நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டி ஓட்டினால்தான் பேட்டரி வேகமாகக் கரையும்.

ஆலைகளுக்குள் ஈர மாவும் கிழங்குத் தோலும் கிடக்கும் வழியில் வண்டியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பேட்டரி அடியில் இருப்பதால் தரை உரசுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. உயரமான மாதிரியாகப் பார்த்து வாங்கியதால் இதுவரை தொல்லை இல்லை. பள்ளமான மண் பாதையில் தினமும் போகிறவர்கள் வாங்குமுன் தங்கள் பாதையிலேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

மின்கட்டணம் எகிறிவிடாதா?

எகிறும். ஆனால் பெட்ரோல் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, ஓர் அளவு வரை இலவசம், அதற்கு மேல் ஏற ஏற விலையும் ஏறும். 2024 ஜூலை உயர்வுக்குப் பின் 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு, 501 முதல் 600 வரை 8 ரூபாய் 55 காசு, 800 வரை 9 ரூபாய் 65 காசு என்று இருந்தது. 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் கொஞ்சம் போய்விடும்.

இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவழிக்கும் ஒரு வீடு என்று வைப்போம். கார் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்றால் 285 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 320. ஆக மொத்தம் 720. அந்தக் கட்டணப்படி கூடுவது மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் இதே தூரத்துக்கு 143 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டாலும் 14,300 ரூபாய்.

மாதம் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த மிச்சம் வண்டி விலையில் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். அவர்கள் பணத்தை மிச்சப்படுத்த மின்சார கார் வாங்க வேண்டியதில்லை. என்னைப் போல் தொழிலுக்காக ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் கணக்கு நேராகிறது.

ஒரு செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சார்ஜ் போடும் பிளக்குக்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் ஒன்றைத் தனியாக வைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். கோடையில் மண் காய்ந்தால் அதுவும் போய்விடும், வண்டி சார்ஜ் ஏற மறுக்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியதும் ஏறத் தொடங்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீடு, அடுக்குமாடி. வாங்கலாமா?

இரவில் செருகி வைக்க உங்களுக்கென்று ஒரு பிளக் இல்லையென்றால் இப்போது வாங்க வேண்டாம் என்பேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இடம், பொருள் பார்த்துப் பதில் சொல்லலாம். இதற்கு ஒரே பதில்தான். பொது சார்ஜரை மட்டும் நம்பி வாழ்ந்தால் மின்சார வண்டியின் நல்ல குணம் பாதி உங்களுக்குக் கிடைக்காது, செலவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வீட்டுக்காரரிடம் பேசி, தனி சப்-மீட்டர் வைத்து, யூனிட் கணக்கில் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டால் காரியம் முடிந்தது. அம்மாப்பேட்டையில் ஒரு குடும்பம் அப்படித்தான் நிம்மதியாக ஓட்டுகிறது.

பெங்களூரு, சென்னை, கோவைக்குத் தைரியமாகப் போகலாமா?

கோவை 165 கிலோமீட்டர், நேரான சாலை. 40 யூனிட் பேட்டரியில் வேகத்தை அடக்கி ஓட்டினால் ஒரே மூச்சில் போய்விடலாம், திரும்பி வர அங்கே சார்ஜ் போட வேண்டும்.

பெங்களூரு அப்படி இல்லை. அது கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சேலத்திலிருந்து போகும்போது தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மொத்தத்தில் 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதனால் போகும் செலவு அதிகம், வரும் செலவு குறைவு. கிருஷ்ணகிரியில் ஒரு தேநீர் நேரம் சார்ஜ் போட்டுக்கொள்வது என் வழக்கம். திரும்பும்போது தொப்பூர் இறக்கம். கனரக லாரிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாட்டை இழப்பதால் பெயர் கெட்ட இடம் அது. அங்கேயும் முன்சொன்ன மலைப்பாதைக் குணம் கைகொடுக்கிறது. ஆனால் பின்னால் வருகிற லாரிக்கு அந்த வசதி கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. காலை எடுத்ததும் நம் வண்டி சடாரென்று வேகம் குறையும், பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்க்கமாட்டார். தொப்பூரில் நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் காலை எடுப்பேன்.

சென்னை 340 கிலோமீட்டர் என்பதால், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியில் ஒருமுறையாவது நிறுத்தியாக வேண்டும். இந்தியாவில் கார்களுக்கான வேக சார்ஜர் கிட்டத்தட்ட எல்லாமே சி.சி.எஸ். 2 என்ற ஒரே வகைப் பிளக்காகிவிட்டது நல்ல காரியம். வேதனை என்னவென்றால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். ஒருமுறை இரவு பத்து மணிக்கு ஒரு ஓட்டல் வளாகத்தில், செயலியில் ‘தயார்’ என்று பச்சை காட்டிய சார்ஜர் செத்துக் கிடந்தது. காவலாளிக்கும் எதுவும் தெரியவில்லை. கைக்குழந்தையோடு வந்த இன்னொரு குடும்பமும் அங்கே நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் பம்ப் கெட்டால் ‘ஸ்டாக் இல்லை’ என்று பலகையாவது வைப்பார்கள். சார்ஜரை நட்டுவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதைப் பராமரிக்கவும் வேண்டும். இது என் தீராத கோபம். அடுத்த சார்ஜருக்குப் போகும் அளவு மீதம் வைத்துத்தான் எப்போதும் நிறுத்துவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சேலத்து வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா?

தாங்கும். கார் பேட்டரிகள் பொதுவாக ஐ.பி. 67 தரத்தில் மூடப்பட்டவை, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தவை. அதற்காக வெள்ளத்தில் இறக்கச் சொல்லவில்லை. நாற்பது டிகிரி வெயிலில் வெட்டவெளியில் நாள் முழுக்க நிறுத்தி, வந்தவுடனே வேக சார்ஜரில் செருகுவது பேட்டரிக்கு நல்லதல்ல. வேப்ப மரத்தடியாகப் பாருங்கள்.

பேட்டரி போய்விட்டால் வண்டியையே தூக்கிப் போட வேண்டியதுதானே?

பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. பேட்டரி ஒரே நாளில் செத்துப்போவது அரிது. கொள்ளளவு வருடத்துக்குக் கொஞ்சமாகத் தேயும். பழைய மின்சார கார் வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைவிட முக்கியமாகப் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை கொடுக்க மறுக்கும் வியாபாரியிடம் பேரமே வேண்டாம்.

தீப்பிடிக்கிறதாமே?

2022 கோடையில் ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தன, உயிர்ப்பலியும் ஆயிற்று. அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அதன்பின் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக அமலாக்கியது. கார்களில் இப்போது பரவலாக வரும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி சூட்டை மற்ற வகைகளைவிட நன்றாகத் தாங்கும். இரண்டாந்தரக் கம்பியில், கட்டில் பக்கத்து நீட்டிப்புப் பலகையில் சார்ஜ் போடுவதைத் தவிர்த்தாலே அபாயத்தில் பெரும்பகுதி விலகிவிடும்.

மேட்டூரில் கரி எரித்து வருகிற மின்சாரம்தானே? இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. மேட்டூர் அனல் மின் நிலையம் 840 மெகாவாட், அதோடு பின்னர் சேர்ந்த 600 மெகாவாட் அலகு. அங்கே எரிவது கரிதான். ஆனால் அதே மேட்டூரில் அணையின் நீர் மின்சாரமும் உண்டு, முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்றாலைகள் சுற்றுகின்றன, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வீட்டுக்கு வருகின்றன. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளின் சக்தியில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மின் மோட்டாரில் பத்தில் எட்டுக்கு மேல். எனவே கரியே கலந்தாலும் மொத்தப் புகை குறையும் என்பது என் முடிவு. கரி குறையக் குறைய, வாங்கிய வண்டியே ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகும். பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை, அதன் புகை வயதாக ஆக அதிகரிக்கும்.

மே மாத ஞாயிறுகளில் ஏரியைச் சுற்றி ஊர்ந்துகொண்டே நிற்கும் வண்டிகளின் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும். காப்பித் தோட்டத்துக் காற்றுக்காகத்தானே மேலே போகிறோம்?

நம் ஊர் மெக்கானிக்குகள் என்ன ஆவார்கள்?

எனக்குத் தூக்கம் கெடும் கேள்வி இதுதான். எங்கள் பக்கம் வண்டி வேலை தெரிந்த மண். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள், சங்ககிரியில் லாரிகள் இல்லாத வீடு குறைவு, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. நடுச்சாலையில் கெட்டுப்போன எதையும் கையில் இருப்பதை வைத்து ஓடவைக்கும் கைகள் இங்கே ஏராளம்.

எங்கள் பத்மினியைப் பார்த்துக்கொள்ளும் பட்டறைக்காரர் என் மின்சார காரின் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இதில் நான் கை வைக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார். “நிறைய இருக்கிறது அண்ணே, கீழே குனிந்து பாருங்கள்” என்றேன். உண்மையில் இருக்கிறது. வண்டி கனம் என்பதால் சஸ்பென்ஷன் புஷ்களும் பால் ஜாயின்ட்டுகளும் வேலை கேட்கும். டயர் சீக்கிரம் தேயும், அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பிரேக்கை அதிகம் மிதிக்காததாலேயே பிரேக் பட்டையை அழுத்தும் காலிப்பரின் தண்டுகள் துருவேறி இறுகிவிடும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும். ஏ.சி., கூலன்ட், சிறிய 12 வோல்ட் பேட்டரி எல்லாமே பட்டறை வேலைகள்.

தொடக் கூடாதது ஆரஞ்சு நிறக் கம்பி. அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர் மின்னோட்டம் ஓடும், தவறித் தொட்டால் ஆள் மிஞ்சமாட்டார். இணைப்பைத் துண்டித்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, காப்புக் கையுறை போட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இது கற்றுக்கொள்ள முடியாத வித்தை இல்லை. இருபது வருடம் வேலை பார்த்த கைகளுக்கு மாலை நேரத்தில் தமிழிலேயே இதைச் சொல்லித்தர ஐ.டி.ஐ.க்கள் முன்வர வேண்டும். நிறுவனங்களும் கோளாறு பார்க்கும் மென்பொருளைத் தங்கள் சர்வீஸ் சென்டருக்குள் பூட்டி வைக்காமல், நியாயமான கட்டணத்துக்கு வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சென்சார் கோளாறுக்கு என் வண்டி வாரக்கணக்கில் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. உதிரிபாகம் வந்தபின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்த வேலையை எங்கள் பட்டறை அண்ணனும் செய்திருப்பார், அவருக்கு அனுமதி இல்லை. மின்சார கார் மேல் எனக்கு இன்று இருக்கும் மனக்குறைகளில் மிகப் பெரியது இதுதான். மைலேஜ் குறைவதையோ சார்ஜருக்குக் காத்திருப்பதையோ நான் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுத்துக்கொள்ளமாட்டேன்.

அப்படியானால் பத்மினியை விற்றுவிடுவீர்களா?

மாட்டேன். 1,089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர், காலையில் சோக் இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். கோடையில் ஏற்காடு ஏறும்போது பெட்ரோல் சூடாகி ஆவியாகி, பம்ப் இழுக்காமல் பாதி மலையில் நின்றுவிடும். அப்பா இறங்கி, தண்ணீரில் நனைத்த துணியைப் பம்பின் மேல் சுற்றுவார். துணியிலிருந்து ஆவி கிளம்பும். அது அடங்கியதும் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். என்ன கோளாறு, ஏன் கோளாறு என்று கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்யக்கூடிய இயந்திரம் அது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கிறேன், புகைச் சான்று வாங்குகிறேன், மார்கழிக் காலையில் மெதுவாக மேலே கொண்டுபோகிறேன். அதன் மேல் இருக்கும் பிரியம், தினசரி நூறு கிலோமீட்டருக்கு எது தகும் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. இரண்டையும் நான் ஒன்றோடொன்று மோதவிடுவதில்லை.

மின்சார காரில் ஓட்டும் சுகம் இருக்கிறதா?

வேறு வகைச் சுகம். வளைவில் காலை எடுத்து நுழைந்து, பாதியில் மெல்ல அழுத்தினால் எந்தத் தயக்கமும் இல்லாமல் இழுக்கும் அந்த இழுவை எந்தப் பெட்ரோல் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கனம் அடியில் இருப்பதால் சாயாமல் திரும்பும். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் பறவைச் சத்தம் கேட்கும். கியர் மாற்றும் தாளம் இல்லாததுதான் குறை. கைக்கு வேலை இல்லாமல் போகிறது. எதற்கெடுத்தாலும் தொடுதிரையைத் தடவச் சொல்வது மலைப்பாதைக்குச் சற்றும் பொருந்தாது. ஏ.சி. காற்றைக் குறைக்கக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவைக்கும் வடிவமைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஜீப்புக்குப் பதிலாக மின்சார வண்டி வாங்கலாமா?

தோட்டத்துக்குள் ஓட ஜீப்பையே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலச் சேற்றில் நான்கு சக்கர இழுவையும் தரையிலிருந்து நல்ல உயரமும் வேண்டும், அவை இரண்டும் உள்ள மின்சார வண்டி நம் தோட்டக்காரர் வாங்கும் விலையில் இன்னும் வரவில்லை. சேலத்துக்குச் சந்தை வேலையாக இறங்கி ஏறுவதற்கு இரண்டாவது வண்டி வேண்டுமென்றால் மின்சார காரைத் தாராளமாகப் பாருங்கள். மலைமேல் மின்சாரம் அடிக்கடி தடைபடும் என்பதால் வடகிழக்குப் பருவமழை நாட்களில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருங்கள். மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்குகிற நாளில் வண்டி கனத்துக்கு ஏற்ப அடிவாரத்தில் சார்ஜ் கூடுதலாகவே திரும்பி வரும்.